இரு கரை மின்சாரம்

1

எங்கள் வீட்டில் ஒரு கடிகார வானொலி இருந்தது. அமெரிக்காவில் பணியாற்றிவந்த என் மைத்துனர் 1998இல் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து தந்தது. அங்குள்ள மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230 வோல்ட் என்ற அளவில் எங்களுக்கும் விவரம் தெரியும். ஆகவே சென்னை ரிச்சி தெருவில் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கி, அதன் வழியாக அதனை இணைத்தோம். வானொலி குறையின்றிப் பாடியது. கடிகாரம்தான் பொய் சொன்னது. ஒவ்வொரு மணிக்கும் பத்து நிமிடம் பின்தங்கியது. ஒரு நாளில் நான்கு மணி நேரத்தை விழுங்கியது. ஆறு நாள் ஓடவிட்டால் ஒரு முழு நாளே காணாமற்போய்விடும்.

பழுது பார்ப்பவரிடம் கொண்டுசென்றேன். திறந்து பார்த்துவிட்டு மூடினார். "கடிகாரத்துல ஒரு கோளாறும் இல்ல சார். அது கரண்ட்டை எண்ணி மணி சொல்லுது. வோல்ட்டை இறக்கலாம், சைக்கிளை ஏத்த முடியாது" என்றார்.

அவர் 'சைக்கிள்' என்று சொன்னதைப் பாடநூல் தமிழ் 'அதிர்வெண்' என்கிறது. நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் ஒரே திசையில் ஓடுவதன்று. முன்னும் பின்னுமாக ஊசலாடுவது. இந்தியாவில் அது ஒரு நொடிக்கு 50 முறை ஊசலாடுகிறது. அமெரிக்காவில் 60 முறை. இந்த அளவையே 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என்கிறோம். ஈழத்துப் பாடநூல்களில் இதற்கு வழங்கும் சொல் 'மீடிறன்'. மீள், திறன் ஆகிய இரண்டும் புணர்ந்து பிறந்த சொல். திரும்பத் திரும்ப மீண்டு வரும் ஒன்றைக் குறிக்க அதைவிடப் பொருத்தமான சொல் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. என் மைத்துனரின் கடிகாரம் 60 மீட்சிகளை எண்ணி முடித்தால் ஒரு நொடி நகர்வது. நம் மின்சாரம் அந்த 60ஐ எண்ணி முடிக்க ஒன்றேகால் நொடிக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான் செய்தி.

நமக்கு இது கடல் கடந்து வரும் பொருட்களோடு மட்டும் வரும் சிக்கல். ஆனால் ஒரே நாட்டுக்குள், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வீடு மாற்றிச் செல்வோர் இந்தச் சிக்கலைச் சுமந்துசென்ற வரலாறு ஒன்று உண்டு. அந்த நாடு ஜப்பான். அங்கே கிழக்குப் பாதி 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பாதி 60 ஹெர்ட்ஸ். நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பிளவு எப்படித் தோன்றியது, வீடுகள் அதனை எப்படிச் சமாளித்தன, அப்படிச் சமாளித்ததன் விலை என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

2

மின்சார யுகத்தின் தொடக்கத்தில் அதிர்வெண் என்பது பொதுமக்கள் கவலைப்பட வேண்டிய செய்தியாக இருக்கவில்லை. காரணம் எளிது. அன்று வீட்டுக்குள் மின்சாரம் நுழைந்தது விளக்குக்காக மட்டுமே. குமிழ் விளக்கினுள் இருக்கும் இழை, மின்சாரம் எத்திசையில் ஓடினாலும் சூடேறி ஒளிரும். ஊசலாட்டம் மிக மெதுவாக இருந்தால்தான் ஒளி நடுங்குவது கண்ணுக்குத் தெரியும். 50க்கும் 60க்கும் இடையில் விளக்கு எந்த வேறுபாட்டையும் காட்டுவதில்லை. விளக்கு மட்டுமன்று, சூடு தருவதையே தொழிலாகக் கொண்ட இஸ்திரிப்பெட்டி, வெந்நீர்க் கெட்டில் போன்ற எவையும் அதிர்வெண்ணைப் பொருட்படுத்துவதில்லை.

ஆகவே ஒவ்வொரு பொறியாளரும் தம் எந்திரத்துக்கு வசதியான எண்ணைத் தேர்ந்துகொண்டார். அமெரிக்காவில் தொடக்க கால நிலையங்கள் 133 ஹெர்ட்ஸ் வரை சென்றன. நயாகரா அருவியில் 1895இல் இயங்கத் தொடங்கிய பெரும் நிலையம் 25 ஹெர்ட்ஸ் அளவைக் கொண்டிருந்தது. பெரிய மோட்டார்களுக்குக் குறைந்த அதிர்வெண் உகந்தது; விளக்குகளுக்கு உயர்ந்த அதிர்வெண் உகந்தது. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஓர் எண்ணில் நின்றாக வேண்டும். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தார் 60இல் நின்றனர். ஜெர்மனியின் ஏ.இ.ஜி. நிறுவனத்தார் 50இல் நின்றனர். இயற்கையின் விதி எதுவும் இவ்விரு எண்களில் ஒன்றை உயர்த்தியும் மற்றொன்றைத் தாழ்த்தியும் வைக்கவில்லை. பின்னாளில் உலகம் இவ்விரண்டையும் தன்னிடையே பங்கிட்டுக்கொண்டது.

ஜப்பான் அந்நாளில் மேற்கத்தியத் தொழில்நுட்பத்தை ஆவலோடு விலைக்கு வாங்கிக்கொண்டிருந்த நாடு. தோக்கியோ மின்விளக்கு நிறுவனம் 1886இல் தொழில் தொடங்கி, 1887இல் நகருக்கு நேர்திசை மின்சாரத்தை வழங்கத் தொடங்கியது. நேர்திசை மின்சாரம் ஊசலாடாதது. ஆகவே அதற்கு அதிர்வெண்ணே இல்லை. அதை நெடுந்தொலைவு கொண்டுசெல்ல அன்று வழியில்லை. நகரின் தேவை பெருகியபோது மாறுதிசை மின்சாரத்துக்கு மாற வேண்டியதாயிற்று. அதற்கென 1895இல் ஏ.இ.ஜி. நிறுவனத்தின் மின்னாக்கிகள் ஜெர்மனியிலிருந்து வந்தன. அவை 50 ஹெர்ட்ஸ். அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் ஒசாகா மின்விளக்கு நிறுவனம் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திடமிருந்து மின்னாக்கிகளை வாங்கியது. அவை 60 ஹெர்ட்ஸ்.

இரண்டு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர். ஒன்றின் கம்பி மற்றொன்றின் கம்பியைத் தொடும் காலம் வரும் என்று அன்று எவரும் எண்ணியிருக்க நியாயமில்லை. இரு தரப்பாரும் தத்தம் நகரின் விளக்குகளுக்காகப் பொருள் வாங்கினர். அவ்வளவே. அதில் பிழை என்று சுட்டத்தக்கது எதுவுமில்லை. ஆயினும் கிழக்கின் சிறு நிறுவனங்கள் தோக்கியோவைப் பின்பற்றின, மேற்கின் சிறு நிறுவனங்கள் ஒசாகாவைப் பின்பற்றின. கம்பிகள் நீண்டுகொண்டே வந்தன. இறுதியில் அவை ஒன்றையொன்று சந்தித்தபோது கைகோக்க முடியவில்லை. வேறுபட்ட அதிர்வெண் கொண்ட இரு மின்சாரங்களை நேரடியாக இணைப்பது, வெவ்வேறு தாளத்தில் மிதிக்கும் இருவரை ஒரே நெம்பில் நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

பசிபிக் கரையில் ஃபூஜி ஆறும், ஜப்பான் கடற்கரையில் இத்தோய்காவா நகரமும் அந்த எல்லையின் இரு முனைகளாயின. இன்றும் பொதுவாக எல்லை அதுவே. ஷிசுவோக்கா மாநிலத்தின் ஃபூஜி நகரம் 2008இல் ஆற்றின் மேற்கரையிலிருந்த ஃபூஜிகாவா என்னும் சிற்றூரைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. நகராட்சி ஒன்றாயிற்று, மின்சாரம் ஒன்றாகவில்லை. ஒரே நகரின் இரு கரைகளில் இரு அதிர்வெண்கள் ஓடுகின்றன.

3

விளக்கின் காலம் முடிந்து மோட்டாரின் காலம் வந்தபோதுதான் வீடுகள் இப்பிளவை உணர்ந்தன. 1950களின் பிற்பகுதியில் ஜப்பானியக் குடும்பங்கள் தொலைக்காட்சி, துணி துவைக்கும் எந்திரம், குளிர்பதனப் பெட்டி ஆகிய மூன்றையும், அரச குலத்தின் முப்பெரும் திருப்பொருட்களின் பெயரால் அழைத்தன. அந்த ஆசையின் காலத்திலேயே மக்கள் வேலை தேடியும் பணிமாற்றம் பெற்றும் பெருமளவில் ஊர் மாறினர். மூட்டைகளோடு எந்திரங்களும் ஆற்றைக் கடந்தன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஜப்பான் முழுவதிலும் மின்னழுத்தம் ஒன்றே: 100 வோல்ட். சொருகும் முனையின் வடிவமும் ஒன்றே. நாடு விட்டு நாடு செல்பவரைச் சுவரிலுள்ள துளையே எச்சரித்துவிடும், முனை நுழையாது. ஜப்பானில் ஆற்றைக் கடந்தவருக்கு அந்த எச்சரிக்கை கிட்டவில்லை. முனை நுழைந்தது, எந்திரம் ஓடியது, ஓட்டம் மட்டும் வேறாக இருந்தது.

சாதாரண மாறுதிசை மோட்டாரின் வேகம் அதிர்வெண்ணுக்குக் கட்டுப்பட்டது. 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்கு உரிய மோட்டார், 60 ஹெர்ட்ஸில் 1800 சுற்றுக்கு உரியதாகிவிடும். ஐந்துக்கு ஆறு என்ற இவ்விகிதம் பார்வைக்குச் சிறியது. மின்விசிறியின் இறக்கை இருபது விழுக்காடு வேகமாகச் சுழன்றால், காற்றைத் தள்ள அது கேட்கும் ஆற்றலோ எழுபது விழுக்காட்டுக்கும் மேல் கூடிவிடுகிறது. மோட்டார் சுடுகிறது. எதிர்த்திசையில் சென்றாலும் இடர்தான். 60 ஹெர்ட்ஸுக்கென அளந்து செய்த டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உள்ளகம், 50 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு ஊசலிலும் கூடுதலான காந்தப் பாயத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. தாங்கும் எல்லையைக் கடந்தால் அதுவும் சுடத் தொடங்கும். குழல்விளக்கின் சோக்கும் அப்படியே. கிழக்கிலிருந்து மேற்கே கொண்டுசென்றால் விளக்கு மங்கும். மேற்கிலிருந்து கிழக்கே கொண்டுவந்தால் மின்னோட்டம் மிகுந்து சோக் கொதிக்கும்.

இவை மெதுவாக நிகழும் கேடுகள். உடனே காதில் விழுந்த கேடு இசைத்தட்டினுடையது. நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழல வேண்டிய தட்டு, தோக்கியோவில் வாங்கிய கருவியில் வைத்து ஒசாகாவில் ஓட்டினால் 40 சுற்றுச் சுழலும். ஒசாகாவில் வாங்கியதைத் தோக்கியோவில் ஓட்டினால் 28 சுற்றுக்கும் சற்றுக் குறைவு. வேகம் மாறினால் சுருதியும் மாறும். நம் இசை மரபில் ஆதார ஷட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள விகிதம் 6:5 என்பர். இரு அதிர்வெண்களுக்கும் உள்ள விகிதமும் துல்லியமாக அதுவே. ஒரு கட்டைச் சுருதியில் பாடிய பாடகர், ஆற்றைக் கடந்ததும் இரண்டரைக் கட்டையில், மூச்சிரைக்கும் வேகத்தில் பாடியிருப்பார். ஒரு நாட்டின் மின் வரலாற்றைச் சாதாரண காந்தாரத்தின் அளவில் கேட்க முடியும் என்பது எனக்கு வியப்பான செய்தி.

இவற்றுக்கெல்லாம் மாற்றுவழிகள் இருந்தன. இசைத்தட்டுக் கருவியின் மோட்டார் அச்சில் மாட்டும் சிறு கப்பியை மாற்றலாம். 50க்கு ஒன்று, 60க்கு ஒன்று எனத் தனித்தனிக் கப்பிகள் விற்றன. துவைக்கும் எந்திரத்தின் கப்பியையும் அவ்வாறே மாற்றலாம். நுண்ணலை அடுப்புகள் நெடுங்காலம் இன்ன அதிர்வெண்ணுக்கு மட்டுமே என்ற குறிப்போடு விற்கப்பட்டன. ஊர் மாறினால் உள்ளுறுப்பை மாற்ற வேண்டும், அல்லது அடுப்பையே மாற்ற வேண்டும். மின்சாரத்தை எண்ணி ஓடும் கடிகாரம் கிழக்கிலிருந்து மேற்கே சென்றால் மணிக்குப் பன்னிரண்டு நிமிடம் முந்தும். மேற்கிலிருந்து கிழக்கே வந்தால் எங்கள் வீட்டுக் கடிகாரம் போலப் பத்து நிமிடம் பிந்தும்.

ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் சிறிய செலவு. இந்தச் செலவை ஏற்றது பெரும்பாலும் குடும்பம் என்பதே இங்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. நூற்றாண்டு மாறும் முன்னர் இரு நகர நிறுவனங்கள் செய்த கொள்முதலுக்கு, அறுபது ஆண்டு கழித்து ஆற்றைக் கடந்த ஒவ்வொரு வீடும் ஒரு கப்பியின் விலையைச் செலுத்தியது.

அரசின் பெருந்திட்டங்கள் தமக்கு வேண்டிய வழியைத் தாமே வகுத்துக்கொண்டன. தோக்கியோவையும் ஒசாகாவையும் இணைத்து 1964 அக்டோபர் 1 அன்று ஓடத் தொடங்கிய ஷின்கான்சென் அதிவேக ரயில், தன் தடம் முழுவதற்கும் 60 ஹெர்ட்ஸையே எடுத்துக்கொண்டது. கிழக்குப் பகுதியில் அதற்கென மாற்று நிலையங்கள் அமைத்து, 50ஐ வாங்கி 60 ஆக்கி ரயிலுக்கு ஊட்டினர். ரயில் ஆற்றைக் கடந்தபோது எதையும் உணரவில்லை. அதில் பயணம் செய்த குடும்பத்தின் துவைக்கும் எந்திரம் உணர்ந்தது.

4

ஒருமைப்படுத்துவது இயலாத செயலா? பிற நாடுகளின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

கலிஃபோர்னியாவின் தென்பகுதி ஒரு காலத்தில் 50 ஹெர்ட்ஸ் நாடாக இருந்தது. ரெட்லண்ட்ஸ் நகருக்கு அருகே மில் கிரீக் நீர்மின் நிலையத்தில் 1893இல் தொடங்கியது அவ்வழக்கம். அதற்கு எந்திரம் தந்ததும் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனமே. ஒசாகாவுக்கு 60ஐ விற்றவர்கள் கலிஃபோர்னியாவுக்கு 50ஐ விற்றிருந்தனர். விற்பவருக்கே அன்று எண் ஒரு பொருட்டாக இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கொலராடோ ஆற்றின் பேரணையிலிருந்து 1936இல் மின்சாரம் வந்தபோது லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 60க்கு மாறியது. சுற்றுப்புறங்களுக்கு மின்சாரம் வழங்கிய எடிசன் நிறுவனம் 1948இல் மாறியது. மக்கள் தம் மின் கடிகாரங்களைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ள இடங்கள் ஏற்படுத்தப்பட்டன.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. நயாகராவின் 25 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நம்பி வளர்ந்த பகுதி அது. விளக்கின் நடுக்கம் கண்ணுக்குத் தெரியும் மின்சாரம். அதன் பொது மின் ஆணையம் 1949 முதல் 1959 வரை பத்தாண்டு உழைத்துப் பெரும்பகுதியை 60க்கு மாற்றியது. தெருத் தெருவாக, வீடு வீடாகப் பணியாளர் சென்றனர். துவைக்கும் எந்திரத்தையும் குளிர்பதனப் பெட்டியையும் திறந்து மோட்டாரை மாற்றினர், அல்லது திருத்தினர். அந்தச் செலவை ஆணையம் ஏற்றது. மின்சாரத்தை மாற்றுபவர், அதனால் மாறவேண்டிய எந்திரத்துக்கும் பொறுப்பு என்ற கொள்கை அதற்குள் இருந்தது.

ஜப்பானிலும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடு முழுவதையும் ஓர் அதிர்வெண்ணுக்குக் கொண்டுவரும் யோசனைகள் எழுந்தன. அழிந்த நாட்டை எழுப்பும் அவசரத்தில் அவை பின்தள்ளப்பட்டன. எரியும் விளக்கு எந்த அதிர்வெண்ணில் எரிந்தால் என்ன, எரிந்தால் போதும் என்ற காலம் அது. 1951 மே 1 அன்று மின்துறை ஒன்பது வட்டார நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. ஹொக்கைதோ, தோஹோக்கு, தோக்கியோ ஆகிய மூன்று கிழக்கின் 50. எஞ்சிய ஆறும் மேற்கின் 60. ஒவ்வொன்றும் தன் வட்டாரத்தில் தனியாட்சி செலுத்தியது. அண்டை வட்டாரத்தோடு இணைய வேண்டிய தேவை எவருக்கும் அன்றாடம் ஏற்படவில்லை. பிளவு நிறுவனங்களின் எல்லையாகவும் உறைந்துவிட்டது.

5

ஆற்றின் குறுக்கே ஒரு பாலம் மட்டும் கட்டப்பட்டது. தென்ரியூ ஆற்றங்கரையிலுள்ள சகுமா என்னும் இடத்தில் 1965இல் இயங்கத் தொடங்கிய அதிர்வெண் மாற்று நிலையம் அது. அங்கே 1956இல் எழுந்த அணையின் மின்னாக்கிகளே 50, 60 ஆகிய இரண்டிலும் ஓடக்கூடியவை. மாற்று நிலையத்தின் திறன் 300 மெகாவாட். அது செயற்படும் முறை எளிமையானது. ஒரு பக்கத்து மாறுதிசை மின்சாரத்தை வாங்கி நேர்திசை மின்சாரமாக்குவது. பிறகு அதனை மறுபக்கத்துக்கு உரிய அதிர்வெண்ணில் மீண்டும் மாறுதிசை ஆக்கித் தருவது. தோக்கியோ நகரம் தொடக்கத்தில் பயன்படுத்திப் பின் கைவிட்ட அதே நேர்திசை மின்சாரம், இரு கரைகளுக்கும் இடையே துபாஷியாகத் திரும்பி வந்தது.

பின்னர் ஷின்ஷினானோவில் ஒன்றும், ஹிகஷி ஷிமிசுவில் ஒன்றுமாக மேலும் இரு நிலையங்கள் எழுந்தன. மூன்றும் சேர்ந்து 2011இன் தொடக்கத்தில் மாற்றித் தரக்கூடிய அளவு ஏறத்தாழ 1000 மெகாவாட். ஒரு பெரிய அணு உலையின் உற்பத்திக்குச் சமம். ஒரு நாட்டின் இரு பாதிகளுக்கு இடையே அது ஒற்றையடிப் பாலமே.

இதற்கிடையில் அதே துபாஷி வீட்டுக்குள்ளும் குடிபுகுந்தது. நம்மூரில் இன்வெர்ட்டர் என்றால் மின்வெட்டின்போது விசிறியை ஓட்டும் பெட்டி என்று பொருள். கருவிகளுக்குள் இருக்கும் இன்வெர்ட்டர் வேறு பணி செய்வது. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை அது முதலில் நேர்திசையாக்கிவிடுகிறது. பின்னர் மோட்டாருக்கு வேண்டிய அதிர்வெண்ணைத் தானே உருவாக்கிக் கொடுக்கிறது. வீட்டுக் குளிர்சாதனத்தில் இதனைப் பொருத்தி தோஷிபா நிறுவனம் 1981இல் வெளியிட்டது. நோக்கம் மோட்டாரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்து மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துவது. ஆயினும் சுவரில் வருவது 50ஆ 60ஆ என்ற கேள்வியே அத்தகைய கருவிக்கு இல்லாமற்போனது. குளிர்பதனப் பெட்டி, துவைக்கும் எந்திரம், நுண்ணலை அடுப்பு, குழல்விளக்கு என ஒவ்வொன்றாக அந்த விடுதலையைப் பெற்றன. கடிகாரங்கள் படிகத்தின் அதிர்வை எண்ணத் தொடங்கி மின்சாரத்தை மறந்தன. 'ஹெர்ட்ஸ் ஃப்ரீ' என்ற தொடர் ஜப்பானிய விளம்பரங்களில் வழக்காயிற்று. இரு அதிர்வெண்களிலும் ஓடினாலும், மேற்கைவிடக் கிழக்கில் சற்றுக் குறைந்த வாட்டில் சமைக்கும் மலிவான நுண்ணலை அடுப்பு போன்ற சில எச்சங்களே பழைய பிளவை நினைவூட்டின.

சகுமாவில் பெருங்கூடங்களில் நிகழ்ந்தது, உள்ளங்கை அளவுப் பலகையில் ஒவ்வொரு வீட்டிலும் நிகழ்ந்தது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. வீட்டுப் பலகை அந்த ஒரு கருவியின் வேதனையை மட்டுமே தீர்த்தது. ஆற்றின் இரு கரைகளையும் அது இணைக்கவில்லை. வேதனை தீர்ந்தபின் நோயைப் பற்றி யார் பேசுவார்? கப்பி வாங்கிய தலைமுறை பிளவை ஒவ்வொரு வீடு மாற்றத்திலும் நினைத்துக்கொண்டது. அடுத்த தலைமுறைக்கு அது பள்ளிப் பாடத்தின் ஒரு வரி.

6

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. ஜப்பானின் வடகிழக்குக் கடலில் 9.0 அளவில் நிலம் நடுங்கியது. பின்வந்த ஆழிப்பேரலையைப் பற்றியும் ஃபுகுஷிமாவைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டுள்ளது. நம் பொருளுக்கு வேண்டியது ஒன்றே. ஃபுகுஷிமா தாயிச்சி அணுமின் நிலையத்தின் ஆறு உலைகளின் திறன் மட்டும் ஏறத்தாழ 4700 மெகாவாட். அதோடு கடலோர அனல் நிலையங்களும் முடங்கின. கிழக்கு ஜப்பான், தோக்கியோ உட்பட, திடீரென மின்பஞ்சத்தில் வீழ்ந்தது.

மேற்கில் மின் நிலையங்கள் சேதமின்றி நின்றன. கொடுக்க மனமும் இருந்தது. பாதை 1000 மெகாவாட் அளவே அகன்றது. அதற்குமேல் ஒரு வாட்டும் கடக்க முடியாது.

மார்ச் 14 முதல் தோக்கியோ மின் நிறுவனம் தன் பகுதியை வட்டங்களாகப் பிரித்து, அட்டவணையிட்டு மின்சாரத்தை நிறுத்தியது. மார்ச் 28 வரை அவ்வப்போது அது தொடர்ந்தது. மின்வெட்டு அட்டவணை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. பிற்பகல் இரண்டு மணி நேரத்தை அதற்கென ஒதுக்கி வாழப் பழகியவர்கள் நாம். உலகின் மிகச் செழிப்பான பெருநகர வட்டாரம் ஒன்று அட்டவணையைப் பார்த்துச் சோறு வடிக்க நேர்ந்தது வேறு அனுபவம். ரயில்கள் குறைந்தன, போக்குவரத்து விளக்குகள் அணைந்தன. அவ்வாண்டுக் கோடையில் பெரும் பயனாளர்கள் பதினைந்து விழுக்காடு குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அரசே ஆணையிட்டது.

அந்நாட்களின் ஒரு நிகழ்ச்சி என் மனத்தில் நிற்கிறது. மேற்கில் இருப்பவர்கள் விளக்குகளை அணைத்தால் அந்த மின்சாரம் கிழக்குக்குப் போய்ச் சேரும் என்ற செய்தி மின்னஞ்சலாகக் கைமாறிக் கைமாறிப் பரவியது. ஒசாகா வட்டாரத்துக்கு மின்சாரம் வழங்கும் கன்சாய் நிறுவனம், அத்தகைய வேண்டுகோள் எதையும் தான் விடுக்கவில்லை என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. செய்தியை அனுப்பியவர்களின் நல்லெண்ணத்தை ஐயுற வேண்டியதில்லை. நடுங்கும் உடன்பிறப்புக்குத் தன் போர்வையில் பாதியைக் கொடுக்க நினைத்தவர்கள் அவர்கள். தம் சுவரில் வரும் மின்சாரமும் தோக்கியோவின் சுவரில் வரும் மின்சாரமும் ஒன்றே என்று அவர்கள் நம்பினர். அப்படி நம்ப அவர்களுக்கு முழு நியாயமும் இருந்தது. அவர்களது வீட்டின் எந்தக் கருவியும் அதற்கு மாறாக எதையும் சொல்லித்தரவில்லை. 1960இல் ஒரு குடும்பத் தலைவி அந்த மின்னஞ்சலைப் படித்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பார். அவர் கப்பி மாற்றியவர்.

பிறகு ஒருமைப்படுத்தல் பற்றிய பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. ஒரு பாதியின் மின் கட்டமைப்பை மறு அதிர்வெண்ணுக்கு மாற்ற, மின் நிறுவனங்களின் தரப்பில் மட்டும் ஏறத்தாழ 10 லட்சம் கோடி யென் ஆகும் என்று 2012இல் அரசுக் குழுவின் முன் கணக்கு வைக்கப்பட்டது. ஆலைகளும் மருத்துவமனைகளும் தம் எந்திரங்களுக்குச் செலவிட வேண்டியது அதில் சேராது. ஒன்டாரியோவில் செய்தது போல வீடு வீடாகச் சென்று முடிக்கும் எல்லையை நாடு என்றோ கடந்துவிட்டது. பிளவை நீக்குவதற்கு மாறாகப் பாலத்தை அகலப்படுத்துவதே வழியாயிற்று. 2013இல் 1200 மெகாவாட். ஹிதா, ஷினானோ ஆகியவற்றை இணைக்கும் புதிய பாதையால் 2021இல் 2100. 2027ஆம் நிதியாண்டுக்குள் 3000 என்பது இலக்கு.

7

வரலாற்றில் பிழையான முடிவுகளைப் பற்றி நாம் நிறையப் படிக்கிறோம். ஜப்பானின் இரு கரை மின்சாரம் அவ்வகையைச் சேர்ந்ததன்று. 1895இல் தோக்கியோ செய்ததும் சரி, அதன்பின் ஒசாகா செய்ததும் சரி. ஒவ்வொன்றும் தன் நாளுக்குப் பொருந்திய முடிவே. கப்பியை மாற்றிக்கொண்ட குடும்பமும் சரியாகவே நடந்தது. கப்பியே தேவைப்படாத எந்திரத்தைச் செய்த பொறியாளரும் சரியாகவே நடந்தார். சரிகளைக் கூட்டிக்கொண்டே வந்தால் விடை சரியாக வரும் என்ற உறுதி மட்டும் எங்கும் இல்லை.

ஒரு தொல்லையை வீட்டுக்குள் மிக அழகாகத் தீர்த்துவிட்டால், ஊருக்குள் அதனைத் தீர்க்க வேண்டும் என்ற நினைப்பு மறைந்துபோகிறது. நம் தெருவிலும் இதன் உருவங்கள் உண்டு. குடிநீர்க் குழாயில் நல்ல நீர் வராதபோது வீட்டுக்கு வீடு சுத்திகரிப்புப் பெட்டி வாங்குகிறோம். பெட்டி நன்றாகத்தான் வேலை செய்கிறது. குழாயைப் பற்றிய முறையீடு அதன்பின் எழுவதில்லை.

எங்கள் கடிகார வானொலியின் கதையையும் முடித்துவிடுகிறேன். அதைத் திருத்த வழியில்லை என்று தெரிந்தபின், வானொலியாக மட்டும் பல ஆண்டுகள் வைத்திருந்தோம். சிவப்பு எண்கள் தவறான மணியைக் காட்டிக்கொண்டே இருந்தன. விருந்தினர் கேட்கும்போதெல்லாம், அமெரிக்காவில் மின்சாரம் வேறு என்று விளக்க நேர்ந்தது. அந்தத் தவறான மணிதான் எனக்கு அதிர்வெண் என்ற ஒன்று இருப்பதையே கற்றுத் தந்தது. இன்று என் மேசையிலிருக்கும் மின்னேற்றியில் '50/60 ஹெர்ட்ஸ்' என்று மிகச் சிறிய எழுத்தில் பொறித்திருக்கிறது. எந்தக் கரையில் சொருகினாலும் அது ஒன்றும் சொல்லாது.